சாக்குச் சுவர் வைத்த ஸ்டால்

அந்த வருஷத்து வேளாண் கண்காட்சியை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது செருப்புகள்தான். தஞ்சாவூரில், ஆடிக் காற்று புழுதியை வாரியடிக்கும் ஒரு மைதானம். அதில் ஏசி போட்ட நீளக் கொட்டகை. கொட்டகையின் நடுவில், நான் கம்ப்யூட்டரில் வரைந்து, கூடவே நின்று ஆணியடிக்க வைத்த என் முதல் ஸ்டால். தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்திய மேடை, அதன்மேல் பால் வெள்ளையில் பளபளக்கும் விரிப்பு, பின்பக்கம் முழுக்க உள்ளே விளக்கெரியும் துணித்திரை. அந்த மேடைக்குக் கீழே, கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி, ரப்பர் செருப்புகள் குவிந்து கிடந்தன. வந்த விவசாயிகளில் பாதிப்பேர் அவற்றைக் கழற்றிவிட்டுத்தான் மேடைமேல் கால் வைத்தார்கள். மீதிப்பேர் கால் வைக்கவே இல்லை. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். உயர்ந்த மேடை, வருகிறவரை உள்ளே இழுக்கும் என்று எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் சேற்றுக்காலோடு எங்கும் போயிருக்கவில்லை போலும்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. "ஐயா, செருப்போட வாங்க! இது என்ன கோயிலா? களை மிஷின் விக்கிற எடம். மண்ணு பட்டாதான் லட்சணம். வாங்க, வாங்க!" மைக் கிடையாது. அந்தக் குரலுக்கு மைக் வைத்தால் மைக்குக்குத்தான் கெடுதல். விளிம்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் தயங்கித் தயங்கிச் செருப்போடு ஏறினார். அவர் கால் பட்ட இடத்தில் என் பால் வெள்ளை விரிப்பில் செம்மண் தடம் விழுந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் விரிப்பு முழுக்க மண். ஸ்டால் முழுக்கக் கூட்டம்.

குரலுக்குச் சொந்தக்காரர் என் அண்ணி. அண்ணன் மனைவி. மன்னார்குடியில் ஒரு பட்டறை, களையெடுக்கும் மிஷின் செய்கிறவர்கள். நீளக் கைப்பிடியும், முனையில் பல் வைத்த உருளையும், அது சேற்றில் புதையாமல் தாங்கும் மிதவையும் உள்ள சாதாரண மிஷின்தான். நடவு வயலில் வரிசைக்கு நடுவே இறக்கி, முன்னும் பின்னும் தள்ளினால் களை சேற்றோடு அமுங்கிவிடும். அண்ணி அங்கே ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு கண்காட்சிக்கு வரவேண்டிய விற்பனை ஆள் வராமல் போக, முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "நான் நிக்கிறேன் சார்" என்று போனார். அதோடு சரி, ஆபீஸ் நாற்காலிக்குத் திரும்பவில்லை. பிறகு ஸ்டால் வரைய ஆள் தேடியபோது, "எங்க வீட்ல ஒண்ணு படிச்சிட்டுச் சும்மா உக்காந்துருக்கு சார், கொஞ்சம் திமிரு, ஆனா நல்லா வரையும்" என்று என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான். நாத்தனாரும் அண்ணியும் ஒரே அடுப்படியில் நிற்பதே பெரும்பாடு. நாங்கள் ஒரே ஸ்டாலில் நாள் முழுக்க நின்றோம். என்னை அவர் கூப்பிடுவதே "நாத்தனார் மேடம்" என்றுதான். அதில் பாதி கிண்டல், பாதி பெருமை. எது எந்தப் பாதி என்று அவர் சொன்னதில்லை.

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்காட்சி ஸ்டாலுக்கும் சேலைக்கும் வித்தியாசம் இல்லை. வருஷத்துக்கு ஒரு மோஸ்தர். நான் வந்த புதிதில் எல்லாரும் வெள்ளை மேடை கேட்டார்கள். அடுத்து எல்.இ.டி. சுவர் வந்தது; டிராக்டர் கம்பெனியிலிருந்து வேப்பம் புண்ணாக்கு விற்கிறவர் வரை, ஆளுயரத் திரையில் எதையாவது ஓடவிட்டால்தான் மரியாதை என்று ஆனது. அதற்குப் பிறகு கண்ணில் மாட்டிப் பார்க்கும் பெட்டி. அதை மாட்டிக்கொண்டால் வயலுக்கு நடுவே நிற்கிற மாதிரி தெரியும். வயலிலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு வயலைக் காட்ட அத்தனை செலவு. அதற்கும் பிறகு பிளாஸ்டிக் புல். கொட்டகையை விட்டு வெளியே வந்து கொஞ்சதூரம் போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் குறுவை நெல்லின் பச்சை. உள்ளே விவசாயி பிளாஸ்டிக் புல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பார். இவை எல்லாவற்றையும் நானும்தான் வரைந்தேன். வரைவது என் பிழைப்பு. இந்த மோஸ்தர்களையெல்லாம் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது அண்ணியின் தொண்டை என்று எனக்கு அப்போது தெரியாது. கூட்டம் என் டிசைனுக்காக வருகிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு அண்ணிக்குக் கழுத்தில் ஒரு வீக்கம் வந்தது. தைராய்டு, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, குரலைத் தவிர. கண் விழித்து அண்ணி வாயைத் திறந்தபோது காற்று வந்தது, சத்தம் வரவில்லை. குரல் நரம்பு அசந்துபோயிருக்கிறது, சிலருக்குத் தானாகத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, பொறுத்துத்தான் பார்க்கணும் என்றார் டாக்டர். அண்ணன் அங்கேயே, தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டான். பக்கத்துத் தெருக் கடைக்கே வண்டியில் போகிறவன் அவன். அண்ணி படுக்கையிலிருந்தபடியே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, 'இவனா?' என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. குரல் போனது அண்ணிக்கு. ஆனால் எல்லாரும் அவருக்குக் காது போய்விட்டது மாதிரி கத்திப் பேசினார்கள். பால்காரர் கையால் ஜாடை காட்டினார். அண்ணன் ஒவ்வொரு வார்த்தையையும் பிய்த்துப் பிய்த்து, "சாப்... பிட்... டியா?" என்று கேட்பான். அண்ணி அதற்கெல்லாம் சிரித்தார். சிரிப்புக்கும் சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கும். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாட்டுக் குழுவோடு வழக்கமான இடத்தில் போய் நின்றார். உதடு எல்லா வார்த்தைக்கும் அசைந்தது. நான் பின் பெஞ்சிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னால் அன்று ஒரு வரி பாட முடியவில்லை.

முதலாளி வீடு தேடி வந்தார். பட்டறை மனிதர், லேத்தில் நின்று நின்று விரல் நுனியெல்லாம் காய்ப்பு. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா. ஒங்க வேலை ஒங்களுக்குத்தான். ஆபீஸ்ல உக்காந்து நிம்மதியாப் பாருங்க. ஸ்டாலுக்கு ஒரு பொண்ணு பாத்துருக்கேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் அதற்குப் பதில் சொல்வது கடினமாக இருந்தது. அண்ணி தலையாட்டினார். அவர் போனபிறகு என் முழங்கையைப் பிடித்து இழுத்து, காதோடு வாய் வைத்துச் சொன்னார்: "ஆபீஸ் வேணாம் பாப்பா. என்னை ஒரு ஓரமா நிக்க விடச் சொல்லு. நாலு சனத்த பாத்துக்கிட்டாவது நிப்பேன்." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதுவும் பாப்பா என்று கூப்பிட்டதே இல்லை.

மறுநாளே மன்னார்குடி போய் முதலாளியிடம் வழக்காடினேன். கெஞ்சினேன் என்று சொன்னாலும் சரிதான். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "இந்த ஒரு வாட்டி நிக்கட்டும். சரிப்பட்டு வரலன்னா நீயே அவங்களுக்கு எடுத்துச் சொல்லு, என்னால முடியாது" என்றார். ஆக, அந்தக் கண்காட்சிதான் அண்ணிக்குப் பரீட்சை. தேறாவிட்டால் ஆபீஸ் நாற்காலி. முடிவைச் சொல்கிற வேலை என் தலையில்.

என் கையில் இருந்த வித்தை எல்லாவற்றையும் அந்த ஸ்டாலில் இறக்கினேன். வழக்கமான மேடைமேல் பெரிய எல்.இ.டி. சுவர் வைத்தேன். அதில் மிஷின் ஓடும் படம், எழுத்து, விலை, எல்லாம் வரும். அண்ணி வாய் திறக்கவே தேவை இருக்காது என்று கணக்குப் போட்டேன். ஒரு மூலையில், வழக்கம்போல, பார்வைக்குத் தெரியாத ஸ்டோர் ஒன்று அடைத்தேன். எல்லா ஸ்டாலிலும் அப்படி ஒன்று இருக்கும். அட்டைப்பெட்டி, சாப்பாட்டுக் கேரியர், தண்ணீர் கேன், எல்லாம் அதற்குள் போகும். மிஷின் சுற்றிவந்த சாக்குகளை மடித்து வைக்க இடமில்லாமல், அந்த ஸ்டோரின் உள்சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டச் சொன்னேன். சாக்கு என்றால் மன்னார்குடி அரிசி மில்லில் கழித்துக் கொடுத்த பழைய சாக்கு. தட்டினால் இன்னும் தவிடு உதிரும்.

முதல் நாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. ஒருபக்கம் டிராக்டர் கம்பெனியின் திரை பாட்டோடு அலறியது. மறுபக்கம் சோலார் பம்பு. எங்கள் ஸ்டாலுக்குப் புதிதாக எடுத்த பெண், கன்னத்தோடு ஒட்டிய மைக்கில், மனப்பாடம் செய்ததைப் பிசகாமல் சொன்னாள். நல்ல பெண், கல்லூரி முடித்த கையோடு வந்தவள். அண்ணி ஓரமாக நின்றார். யாராவது நெருங்கினால் சிரித்து, மிஷினைக் காட்டி, எதையோ சொல்வார். "என்னம்மா?" என்பார் வந்தவர். அண்ணி திரும்பச் சொல்வார். "கேக்கலியே" என்று காதைக் கொடுப்பார். அண்ணி கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு முறை சொல்வார். அதற்குமேல் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று அவரும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். டெல்டாக்காரர்களின் இந்த நாசூக்கு அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்னொரு தரம் கேட்டால்தான் என்னவாம்! பத்து மணிக்கு நின்ற இடத்தில் பதினோரு மணிக்கு அண்ணியைக் காணோம்.

ஸ்டோருக்குள் இருப்பார் என்று ஊகித்து, கதவாகத் தொங்கிய சாக்கை விலக்கப் போனேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டு நின்றேன். குரல் என்று சொல்வதே தப்பு. இரண்டு பேர் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்று அண்ணி. இன்னொன்று, நடு வயதுப் பெண்மணி ஒருத்தர். குடவாசல் பக்கத்து ஊர், கால் கடுக்கிறது என்று உட்கார இடம் தேடி வந்திருக்கிறார். அண்ணி தண்ணீர் கொடுத்து ஒரு அட்டைப்பெட்டியில் உட்கார வைத்திருக்கிறார். அண்ணி தாழ்ந்த குரலில் பேசவும், அவரும் அறியாமலே தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்திருக்கிறார். எதிரில் ஒருவர் ரகசியம் பேசினால் யாருக்கும் தொண்டை தானாக இறங்கிவிடும்.

"எனக்குக் கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார் அந்தப் பெண்மணி. "அவுரு இந்த மிஷின வாங்கலாம்ங்கிறாரு. தள்ளப் போறது நாந்தான். அடிவயிறு தாங்குமா? இத யாருகிட்ட கேக்குறது? வெளிய முழுக்க ஆம்பளைங்க."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை கண்காட்சியில், எத்தனை பேர் இந்தக் கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டு என் துணித்திரைகளை வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்! அண்ணி சேலைத் தலைப்பைக் கொஞ்சம் விலக்கித் தன் கழுத்துத் தழும்பைக் காட்டினார். "எனக்கும் கத்தி பட்ட ஒடம்புதான். இப்ப வேணாம்மா. டாக்டரக் கேட்டுட்டு, ஒடம்பு தேறுனப்புறம் வாங்க. அவுருகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க." அந்தப் பெண்மணி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.  அட்டைப்பெட்டியும் சாக்கும் சத்தத்தை வாங்கிக்கொண்டதால், அந்த இடத்தில் டிராக்டர் பாட்டு எங்கோ தூரத்துத் தெருவில் கேட்பதுபோல்தான் கேட்டது.

போனவர் சும்மா போகவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு தன் ஊர்க்காரப் பெண்கள் இருவரை அழைத்துக்கொண்டு வந்தார். அவர்கள் வெளியே வந்ததும், வரப்பில் நிற்பதுபோல் ஒற்றைக்காலை மடக்கி நின்றிருந்த ஒரு பெரியவர், "நானும் அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்" என்றார். அவர் கேட்டதையும் நான் சாக்குக்கு வெளியே நின்று கேட்டேன். அப்போதைக்கு எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. "எங்களுக்குக் களையெடுக்க வர்றது எல்லாம் பழகுன சனம். இத வாங்கிட்டுப் போயி வயல்ல எறக்குனா அவங்க மொகத்த எப்புடிப் பாக்குறது? நாளைக்கு நடவுக்குக் கூப்புட்டா வருவாங்களா?" இதையும் மைக் வைத்த பெண்ணிடம் யார் கேட்பார்கள்? அண்ணியின் பதிலுக்கு நான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. "அவங்க கையிலயே மிஷினக் குடுங்க பெரியப்பா. குனியாம வேலை பாக்கட்டும். கூலியில மட்டும் கை வெச்சிராதீங்க." பெரியவர் வெளியே வந்து, மிஷினை ஒரு தடவை தூக்கிப் பார்த்து, கீழே வைத்துவிட்டு, யோசனையோடு போனார். வாங்கவில்லை.

சாயங்காலம் முதலாளி வந்தார். ஸ்டாலில் திரைக்கு முன்னால் யாரும் இல்லை. மூலையில், ஸ்டோர் வாசலில், ஏழெட்டுப் பேர் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நின்றிருந்தார்கள். "என்ன அங்க, தண்ணி குடுக்குறீங்களா?" என்று கேட்டார். நான் கையைக் காட்டினேன். அவர் சாக்குக்கு இந்தப்பக்கம் வந்து நின்றார். உள்ளே அண்ணி யாரோ ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தது நன்றாகவே காதில் விழுந்தது: "இது ஒங்களுக்கு ஆவாது. சொல்றேன்னு வருத்தப்படாதீங்க. இப்ப வாங்காதீங்க."

 ஸ்டாலுக்கு வாடகை கொடுத்து, திரைக்கு வாடகை கொடுத்து, நிற்க வைத்த ஆள், வந்தவரை வாங்காதே என்று திருப்பி அனுப்பினால் எந்த முதலாளிதான் பொறுப்பார்? போச்சு, ஆபீஸ் நாற்காலிகூட மிஞ்சாது என்று நினைத்தேன். அவருக்கு என்ன சமாதானம் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் சாக்கை விலக்கி உள்ளே போனார். அண்ணி அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னதை மாற்றவில்லை, மழுப்பவும் இல்லை. "ஆபரேஷன் ஒடம்பு சார். தள்ள முடியாது. காலைலேருந்து நெறையப் பேரு இதான் கேக்குறாங்க" என்று காற்றுக் குரலில் சொன்னார்.

 முதலாளி இன்னொரு அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டு, அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தார். பட்டறை இரைச்சலில் பேசிப் பழகிய மனிதர், சாதாரணமாகப் பேசினாலே சண்டை மாதிரி இருக்கும். அவர் குரலும் அங்கே இறங்கிவிட்டது. "எந்த எடத்துலம்மா வலிக்கும்? தள்ளும்போதா, திரும்ப இழுக்கும்போதா?" என்று கேட்டார். அந்தப் பெண் முதலில் கூசினார். அண்ணி அவர் தோளில் கை வைத்ததும் எழுந்து, இல்லாத மிஷினைப் பிடித்துத் தள்ளிக் காட்டினார். எங்கே பாரம் விழுகிறது என்று இடுப்புக்குக் கீழே கையை வைத்தார். முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கைப்பிடிய இன்னும் ஒசத்தி, மிதவைய அகலமாக்குனா சேத்துல பொதையாது. பாரம் கொறையுமே" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு அண்ணியைப் பார்த்து, "நாளைக்கும் இதையே கேளுங்கம்மா. என்ன சொல்றாங்களோ, எல்லாத்தையும் எனக்கு அப்புடியே சொல்லணும்" என்றார். வெளியே வந்து என்னிடம், தன் வழக்கமான தொண்டையில், "இவ்வளவு பெரிய ஸ்டால்ல அவங்களுக்கு ஒரு நாற்காலி போட ஒனக்கு எடம் கெடைக்கலியா?" என்று ஒரு வாங்கு வாங்கினார். அன்று வாங்கிய திட்டு மாதிரி இனிப்பான திட்டை நான் எங்கும் வாங்கியதில்லை.

மறுநாள் கண்காட்சி திறக்குமுன் ஸ்டாலைப் பிரித்துப் போட்டேன். திரையை அணைத்துச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். ஸ்டோரின் பலகைகளை முன்னால் நகர்த்தி அறையைப் பெரிதாக்கினேன். மேடையை எடுத்துவிட்டு வெறும் தரையாக விட்டேன். சாக்குகளை இரட்டையாக மடித்துச் சுவர் முழுக்க மாட்டினோம். புதிதாக வந்த அந்தப் பெண், தானாகவே மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு, வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டாள். பக்கத்து ஸ்டால்காரர்கள், எங்களுக்குக் கரண்ட் போய்விட்டதா என்று விசாரித்தார்கள்.

அடுத்த வருஷம் அதையே திட்டமிட்டுக் கட்டினோம். புது மிஷின் வந்திருந்தது. உயரம் மாற்றிக்கொள்ளும் கைப்பிடி, அகல மிதவை. அந்த ஸ்டாலைப் பார்க்க வந்த நடுவர்கள் சாக்குச் சுவரைத் தொட்டுப் பார்த்து, சுற்றுச்சூழலைக் காக்கும் சிறந்த அரங்கு என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். எங்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. இப்போது சென்னையிலும் திருச்சியிலும் என்னிடம் வருகிறவர்கள், செல்போனில் ஏதோ வெளிநாட்டுப் படத்தைக் காட்டி, நடுவில் சத்தமில்லாத ஒரு அறை வேண்டும் என்கிறார்கள். இன்றைய மோஸ்தர் அது. நானும் விலை உயர்ந்த துணி ஒட்டிய பலகையில் வரைந்து தருகிறேன். உள்ளே யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரு காபி மிஷின் என்பார்கள்.

அண்ணிக்குக் குரல் திரும்பியது, அந்தக் கேடயம் வாங்கியதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில். முதலில் கரகரவென்று, உடைந்து உடைந்து. ஒருநாள் காலையில், துணியை மழையில் நனையவிட்டதற்காக அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டிய சத்தம் கேட்டு, நான் குளித்துக்கொண்டிருந்தவள் ஈரத்தலையோடு ஓடிவந்தேன். அண்ணன் திட்டு வாங்கிக்கொண்டே சிரித்துக்கொண்டு நின்றான், கண்ணெல்லாம் தண்ணீர். பிறகு சொன்னபடி வேளாங்கண்ணிக்கு நடந்தான். கால் கொப்புளித்து, வழிநெடுக எங்களுக்குப் போன் செய்து முனகினாலும், பஸ் ஏறவில்லை.

அதற்கடுத்த ஆடியில் மறுபடி அதே மைதானம். குரல் வந்துவிட்டது என்று முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கோ சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கலக்கம். பழைய அண்ணி திரும்பிவிட்டார். இனி இந்த அறை எதற்கு, திரும்ப வெள்ளை மேடை வரையச் சொல்வார்களோ என்று இருந்தது. காலையில் கூட்டம் மந்தமாக இருந்தது. முதலாளி அண்ணியை ஸ்டாலுக்கு வெளியே அழைத்து வந்தார். "ஒரு தடவ, பழைய மாதிரி கூப்புடுங்கம்மா. நான் கேக்கணும்" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "வாங்க ஐயா, வாங்கம்மா! ஏன் அங்கயே நிக்கிறீங்க? செருப்போட வாங்க!" டிராக்டர் பாட்டுக்கு மேலே அந்தக் குரல் எழுந்து கொட்டகையின் கூரையைத் தொட்டது. நடைபாதையில் போனவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  இன்னும் கூப்பிடுவார், நாள் முழுக்கக் கூப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு பெண், கைப்பையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, அண்ணியையும் சாக்கு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணி கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "நீங்க பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போய், அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சாக்கு விழுந்து மூடியது. நான் பழைய ஞாபகத்தில் அதற்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்துக்கொண்டு நின்றேன். குரல் திரும்பியவர்தான், ஆனாலும் எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.